கார்பனுக்கு நாலு கை

குற்றாலம்
7.7.2025

சங்கரி,

நேத்து ஞாயித்துக்கிழமை உன் நீட் கோச்சிங் ஹாஸ்டல் வார்டன் நம்பருக்குப் போன் போட்டோம். 'உங்க பொண்ணு பேச வரமாட்டேன்னு சொல்லிட்டா'ன்னு அந்தம்மா சொல்லிட்டு வச்சுட்டாங்க. உங்கம்மை போனைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கா. வாரத்துக்கு ஒரே ஒரு நாளு, அஞ்சு நிமிசம். அதுக்கும் உனக்கு வீம்பு. அதான் இந்த இன்லாண்டு லெட்டர். கடைசியா நான் லெட்டர் எழுதினது எந்தக் காலமோ தெரியல, கையெழுத்து கோணலாத்தான் இருக்கும்.

போனை உடைச்சது நான்தான். அதுக்கு வருத்தம்னு ஒரு வரி இதுல இருக்கும்னு தேடாத. நீட் ரிசல்ட் வந்து வீடே பேச்சு மூச்சில்லாம கெடக்கு, நீ மாடிப்படியில உக்காந்து கேம் விளையாடுத. கேட்டா, 'இது வெறும் கேம் இல்லப்பா, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி'ங்க. இருபத்தாறு வருசமா போலீஸ்ல இருக்கேன். கையும் களவுமாப் பிடிச்சவன் சொல்லுத கதையெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு எனக்கு.

இன்னொண்ணு. வேற யார் வாயிலயாவது நீ கேக்கதுக்கு முந்தி நானே சொல்லிடுதேன். நீ ப்ளஸ் டூ படிச்ச ஸ்கூல் கெமிஸ்ட்ரி டீச்சர் ஜெஸி மேல கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுத்திருக்கேன். 'மேற்படி ஆசிரியை தானே தயாரித்த செல்போன் விளையாட்டை மாணவிகளுக்குக் கொடுத்து, அவர்களைப் படிப்பிலிருந்து திசைதிருப்பி, என் மகளின் எதிர்காலத்தைப் பாழாக்கிவிட்டார்.' எம்பேரு, பதவி, நம்ம வடகரை வீட்டு விலாசம் எல்லாம் போட்டுத்தான் குடுத்தேன். மொட்டைக் கடுதாசி போடுத ஆளு இல்ல நான்.

உன்னை ஏன் டாக்டருக்குப் படின்னு சொல்லுதேன்னு உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு டூட்டியில போனா, டாக்டர் வரும்போது பெரிய அதிகாரியே எந்திச்சு நிக்காரு. நான் எப்பவுமே எந்திச்சு நிக்கவன். எம்மக உக்காந்திருக்கணும். அவ்வளவுதாம்.

இங்கன சாரல் நல்லா இருக்கு. ரெண்டு மாசம் அருவிக்கரைதான் டூட்டி. நல்லாச் சாப்பிடு. ஞாயித்துக்கிழமை உங்கம்மை கிட்டயாவது பேசு.

அப்பா
சிவனணைந்தபெருமாள், எஸ்.எஸ்.ஐ.


நாமக்கல்
13.7.2025

அப்பாவுக்கு,

உங்க லெட்டர் வந்துச்சு. வார்டன் விஜயம் மேடம் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுத்தாங்க. இங்க அதுதான் வழக்கம். நான் எழுதுறதையும் படிச்சுட்டுத்தான் தபால்ல போடுவாங்க. படிக்கட்டும். மறைக்கிற மாதிரி எதுவும் எழுதப் போறதில்ல.

அம்மா கிட்ட பேசாதது என் தப்பு. அடுத்த ஞாயிறு பேசுறேன். உங்ககிட்ட மாட்டேன்.

போன் உடைஞ்சதுக்கு நான் அழல. வேறொரு போன் என்னைக்காவது வரும். ஆனா ஜெஸி டீச்சர் மேல மனு குடுத்திருக்கீங்கன்னு படிச்சதும் இதை எழுத உக்காந்துட்டேன். அப்பா, ஒரு கேள்வி. நீங்க என் மார்க்கைப் பாத்தீங்களா? கூட்டுத்தொகையை இல்ல. பாடவாரியா. பிசிக்ஸ்ல முப்பத்தஞ்சு. பயாலஜியில முன்னூத்தி அறுபதுக்கு நூத்தி நாப்பது. கெமிஸ்ட்ரியில நூத்தி எண்பதுக்கு நூத்திப் பதினெட்டு. நான் தோத்தது கெமிஸ்ட்ரியில இல்ல. கெமிஸ்ட்ரி மட்டும்தான் தோக்கல. அந்தப் பாடத்தைச் சொல்லிக் குடுத்தவங்க மேல போய்ப் புகார் குடுத்துட்டு வந்திருக்கீங்க.

அந்த விளையாட்டுக்கு 'நாலு கை'ன்னு பேரு. டீச்சரோட தம்பி சென்னையில கம்ப்யூட்டர் வேலை பாக்குறார். அவர் லீவுல வந்தப்ப ரெண்டு பேரும் உக்காந்து செஞ்சது. நெட் இல்லாமலே ஓடும், பழைய போன்லயும் ஓடும். எங்க வகுப்புல பாதிப் பேருக்கு வீட்டுல நல்ல போன் கிடையாதுன்னு டீச்சருக்குத் தெரியும். கார்பனுக்கு நாலு கை. அஞ்சாவது கை குடுக்கப் பாத்தா 'டப்'புன்னு வெடிச்சிரும். எந்தக் கையை விடணும், எதைப் பிடிக்கணும்னு ஒவ்வொரு கட்டத்துலயும் நாமதான் கண்டுபிடிக்கணும். பதினொண்ணாவதுல நான் புஸ்தகத்துல இருந்த வினையெல்லாம் குருட்டு மனப்பாடம். எது எதோட சேரும்னு கேட்டா சொல்லுவேன், ஏன்னு கேட்டா முழிப்பேன். இதை ஆடின பிறகுதான் ஏன்னு எனக்கே தெரிய ஆரம்பிச்சுது.

இங்க என்னன்னா, மறுபடியும் மனப்பாடம். விடிஞ்சதுல இருந்து ஒப்பிக்கிறோம். என் ரூம்ல மாரின்னு ஒரு பிள்ளை, சங்கரன்கோவில் ஊரு. கெமிஸ்ட்ரி டெஸ்ட் அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சலே வந்துரும். இன்னொருத்தி சாருலதா, சேலம். ரெண்டு பேரும் கேட்டாங்கன்னு பழைய காலண்டர் தாளுக்குப் பின்னால 'நாலு கை'யை வரைஞ்சிருக்கேன். சட்டைப் பொத்தான்தான் கார்பன். காது குடையுற பட்ஸ்தான் கை. போன் இல்லாட்டி விளையாட்டு நின்னு போயிரும்னு நினைச்சீங்க. நிக்கல.

கடைசியா ஒண்ணு கேக்கேன். திருட்டுக் கேஸுன்னா திருடின பொருளைப் பாக்காம நீங்க எப்.ஐ.ஆர். போடுவீங்களா? இந்த விளையாட்டை ஒரு தடவையாவது தொட்டுப் பாத்துட்டா மனு எழுதினீங்க?

சங்கரேஸ்வரி

பி.கு. விஜயம் மேடம், மேல 'மனப்பாடம்'னு எழுதினது உங்களை இல்ல, பாடம் நடத்துற முறையை.


குற்றாலம்
22.7.2025

சங்கரி,

அப்பன்கிட்ட பேசுத பேச்சா அது? லெட்டரை உங்கம்மை கிட்ட காட்டினேன். திட்டுவாள்னு பாத்தா, 'மார்க்கைப் பாத்தீங்களா இல்லையா?'ன்னு என்னையவே கேக்கா. ரெண்டு பேரும் கூட்டு.

மார்க் பாத்தேன். நீ சொன்னது சரிதான். ஆனா கெமிஸ்ட்ரி விளையாடுத நேரத்துல பயாலஜி படிச்சிருந்தா பயாலஜியும் வந்திருக்கும்லா. அதையும் யோசிச்சுப் பாரு.

பொருளைப் பாக்காம கேஸ் போட்டேன்னு சொல்லிட்ட. சரி. இங்கன டூட்டியில அருண்பாண்டின்னு ஒரு கான்ஸ்டபிள் பையன். அவன் தங்கச்சி உங்க ஸ்கூல்லதான் ப்ளஸ் டூ. அவகிட்ட இருந்து வாங்கி என் போன்ல ஏத்திக் குடுத்தான். ஆதாரத்துக்காக மட்டும்தான் வாங்கினேன், வேற எதுக்கும் இல்ல.

பாத்தேன். சின்னப்பிள்ளை சமாச்சாரம். உருண்டை முகம், நாலு கை, சிரிக்குது. முத ரெண்டு கட்டம் யார் வேணாலும் ஆடலாம். மூணாவதுல ப்ரோமின்னு ஒரு சிவப்புத் தடியன் ஒரு கையைப் பிடிச்சிருக்கான். அவனை விலக்கிட்டு ஓ.எச்.னு இன்னொருத்தனைக் கொண்டு சேர்க்கணுமாம். நான் நேராக் கொண்டு போய்த்தான் சேர்க்கேன். தள்ளி விட்டுருது. இன்னும் அழுத்தினா 'டப்'. திரும்பவும் 'டப்'. அருவிக்கரையில சத்தத்தைக் குறைக்க மறந்துட்டேன், குளிக்க வந்தவன்லாம் திரும்பிப் பாக்கான். என்னைக் கேட்டா இந்த விளையாட்டே ஏமாத்து. ஆடுதவன் தோக்கணும்னே செஞ்சிருக்காங்க. இதையும் விசாரணையில சொல்லுவேன்.

விசாரணை ஆகஸ்ட் இருபதாம் தேதின்னு ஓலை வந்திருக்கு. அதுவரைக்கும் அந்த டீச்சர் வகுப்புக்குப் போகக் கூடாதாம். ஆபீஸ் வேலை பாக்கச் சொல்லியிருக்காங்களாம். நான் அப்படிக் கேக்கல. அவங்களாச் செஞ்சது.

போன வாரம் மலையில மழை பெஞ்சு மெயின் அருவியில வெள்ளம். ஜனங்களைக் கரையேத்துததுக்குள்ள தொண்டை கட்டிப்போச்சு. உங்கம்மை நார்த்தங்காய் ஊறுகாய் பார்சல் பண்ணியிருக்கா.

அப்பா


நாமக்கல்
28.7.2025

அப்பாவுக்கு,

'நான் அப்படிக் கேக்கல'ன்னு எழுதியிருக்கீங்க. நீங்க என்ன கேட்டீங்கங்கிறது இப்ப யாருக்கு வேணும்? உங்க மனுவால ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கு கெமிஸ்ட்ரி எடுக்க ஆள் இல்ல. அருண்பாண்டி அண்ணன் தங்கச்சிக்கும் இல்ல. அவரைக் கேட்டுப் பாருங்க. பிள்ளைங்க எதிர்காலம் பாழாகுதுன்னு மனுல எழுதினீங்களே, அது இப்பதான் உண்மையாகுது.

விளையாட்டு ஏமாத்து இல்ல. நீங்க ப்ரோமின் நிக்கிற பக்கமே போய் முட்டுறீங்க. அங்க அவன்தான் வாசலை அடைச்சு நிக்கிறானே. எதிர்ப்பக்கமா, பின்னால இருந்து போங்க. நீங்க ஒட்டும்போதே அவன் கையை விட்டுருவான். மத்த மூணு கையும் என்ன ஆகுதுன்னு கவனிச்சுப் பாருங்க. அதுதான் பாடம்.

இங்க ஒரு சங்கதி. வெள்ளிக்கிழமை ரூம் செக்கிங்ல எங்க காலண்டர் தாளைக் கண்டுபிடிச்சுட்டாங்க. பொத்தான், பட்ஸ் எல்லாம் போச்சு. 'படிப்பு நேரத்தில் சூதாட்டம் போன்ற விளையாட்டில் ஈடுபட்டதற்கு மன்னிப்புக் கோருகிறேன்'னு எழுதித் தரச் சொன்னாங்க. மாரியும் சாருலதாவும் எழுதிக் குடுத்துட்டாங்க. அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். மாரி வீட்டுல தெரிஞ்சா அடுத்த பஸ்ல கூட்டிட்டுப் போயி கல்யாணம் பண்ணி வச்சிருவாங்க.

நான் எழுதித் தரல. சூதாட்டம்னு என் கையால எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன். அப்ப அப்பாவை வரச்சொல்லு, அவர் எழுதிக் குடுக்கட்டும், இல்லன்னா கூட்டிட்டுப் போகட்டும்னு தாளாளர் சொல்லியிருக்கார். உங்களுக்குப் போன் வந்திருக்கும்.

வாங்க. கூட்டிட்டுப் போறதுன்னா கூட்டிட்டுப் போங்க, பெட்டி கட்டி வச்சிருக்கேன். ஆனா எனக்குப் பதிலா நீங்க மன்னிப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா, அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல, எந்தக் கிழமையும் நான் பேச மாட்டேன்.

சங்கரேஸ்வரி


குற்றாலம்
6.8.2025

சங்கரி,

சனிக்கிழமை வந்துட்டுப் போனேன். உன்னைப் பாக்க விடல. ஞாயித்துக்கிழமைதான் பார்வையாளர் நாளாம். சப்-ஜெயில்ல கூட இதைவிட நல்லாப் பேசுவாங்க. உனக்கு என்ன சொன்னாங்களோ தெரியாது. நடந்ததை நானே எழுதுதேன்.

தாளாளர் ஏசி ரூம்ல உக்காந்திருந்தாரு. 'உங்க பொண்ணுக்கு ஒழுக்கம் பத்தல சார். மத்த பிள்ளைங்களையும் கெடுக்குறா'ன்னாரு. பஸ்ல வரும்போது கையெழுத்துப் போட்டுட்டு உன்னை நாலு சாத்து சாத்தணும்னுதான் நினைச்சுட்டு வந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா வேறொரு ஆளு எம்பிள்ளைய அப்படிச் சொன்னதும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிட்டு.

'என்ன விளையாண்டா, காட்டுங்க'ன்னேன். மேஜையில உன் காலண்டர் தாளை விரிச்சாங்க. நான் பாத்தேன். மூணாவது கட்டம். அம்புக்குறி பின்பக்கத்துல இருந்து போகுது, ப்ரோமின் வெளிய போகுது, மூணு கையும் மறுபக்கம் திரும்பியிருக்கு. எனக்கு வாசிக்கத் தெரிஞ்சுது, சங்கரி. உன் லெட்டர் வந்த மறுநாள்தான் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தேன். அருவிப் பாலத்துல காத்தடிச்சு ஒரு பொம்பளை குடை படக்குனு வெளிப்பக்கமா மலந்துச்சு. அட, அந்த மூணு கை இப்படித்தாம்லா திரும்புதுன்னு எனக்கு அங்கன நின்னுக்கிட்டே பிடிபட்டுது.

'சார், இது பாடம். இதுல சூதாட்டம் எங்க இருக்கு? யாரு பணம் கட்டினா? யாரு தோத்தா?'ன்னு கேட்டேன். 'உங்களுக்கு கெமிஸ்ட்ரி தெரியுமா?'ன்னாரு. 'தெரியாது. சூதாட்டம் தெரியும். வருசத்துக்கு எத்தனை பேரைப் பிடிக்கேன்'னேன். அவர் கெமிஸ்ட்ரி வாத்தியாரைக் கூப்பிட்டு விட்டாரு. அந்தத் தம்பி தாளைப் பாத்தான், தாளாளரைப் பாத்தான், 'எஸ்.என்.டூ ரியாக்‌ஷன்தான் சார், கரெக்டாத்தான் போட்டிருக்கு'ன்னு முணுமுணுத்தான். நான் எந்திச்சுட்டேன். கையெழுத்துப் போடல. தாளைத் தர மாட்டேன்னுட்டாங்க. உன்னை ஹாஸ்டலை விட்டு அனுப்பவும் இல்ல. அத்தோட முடிஞ்சுது.

இதுக்காக நீ சொன்னதெல்லாம் சரின்னு நான் ஒத்துக்கிட்டதா நினைச்சுக்காத. மனு வேற விசயம். குடுத்த மனுவை வாபஸ் வாங்குதது எனக்குப் பழக்கம் இல்ல.

ஏழாவது கட்டத்துல கார்பனைச் சுத்தி ப்ரோமின் போக இன்னும் மூணு தடியன் நிக்கான். பின்னால இருந்தும் போக முடியல. சீசன் ஞாயித்துக்கிழமை மாதிரி கூட்டம். அங்கன என்ன செய்யணும்?

அப்பா


நாமக்கல்
11.8.2025

அப்பா,

நீங்க வந்தது, தாளாளர் ரூம்ல பேசினது எல்லாம் சமையல்கார அக்கா மூலமா ஹாஸ்டல் முழுக்கத் தெரியும். மாரி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'எங்கப்பாவா இருந்தா கையெழுத்துப் போட்டிருப்பாரு'ன்னா. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. அதை மறைக்கல.

ஆனா அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. வேறொரு ஆளு என்னைக் 'கெடுக்குறா'ன்னு சொன்னதும் உங்களால தாங்க முடியல. உங்க மனுல ஜெஸி டீச்சரைப் பத்தி அதே வார்த்தையைத்தானே வேற மாதிரி எழுதியிருக்கீங்க? எனக்காக எந்திச்சு நிக்க நீங்க இருக்கீங்க. டீச்சரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். அவங்கப்பா செங்கோட்டை ரயில்வேயில வேலை பாத்து ரிடையர் ஆனவர், படுத்த படுக்கையா இருக்கார். அவருக்காகத்தான் டீச்சர் பதவி உயர்வு வந்தும் வெளியூர் போகல. அவர் காதுல உங்க மனு விழுந்திருக்கும்ல.

வாபஸ் வாங்குறது பழக்கம் இல்லன்னா, பழகிக்கோங்க.

இன்னொரு முடிவும் சொல்லிடுறேன். நீட் எனக்கு வேண்டாம். டாக்டர் ஆகுறது தப்புன்னு சொல்லல. எனக்கு ஆஸ்பத்திரி வேண்டாம், லேப் வேணும். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கப் போறேன். இந்த வருஷ அட்மிஷன் முடிஞ்சு போச்சு. அடுத்த ஜூன்ல குற்றாலம் காலேஜ்லயே சேருவேன். அதுக்கு ஏன் இங்க ஒரு வருஷம் இருக்கணும்? நான் வெளிய வாரேன். இதைக் கோபத்துல எழுதல. மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டு நாலாவதா எழுதுறேன்.

ஏழாவது கட்டம்: நீங்க எதுவும் செய்ய வேண்டாம். கூட்டம் அவ்வளவு இருந்தா பின்னால இருந்து யாரும் நுழைய முடியாது. ப்ரோமின் தானா வெளிய போற வரைக்கும் காத்திருங்க. அவன் போன பிறகு எந்தப் பக்கமா வேணாலும் போகலாம்.

சங்கரி


குற்றாலம்
22.8.2025

சங்கரி,

விசாரணை முடிஞ்சுது. சுருக்கமா எழுதலாம்னு பாத்தேன், வரல.

ஒரு மேஜை. விசாரணை அதிகாரி, பக்கத்துல சந்தோஷ்குமார்னு ஒரு கிளார்க். எதிர்ல ஜெஸி டீச்சர். நான் இவ்வளவு சின்ன வயசுப் பிள்ளையா இருக்கும்னு நினைக்கல. என்னைப் பாக்கவே இல்ல.

'மனுவை வாபஸ் வாங்கிக்கிறீங்களா?'ன்னு அதிகாரி கேட்டாரு. இல்லன்னேன். 'அப்ப மனுல இருக்கிறது உண்மை?' அதுவும் இல்லன்னேன். பேனாவை மூடிட்டு என்னை ஒரு மாதிரிப் பாத்தாரு.

நீ வாபஸ் வாங்கச் சொன்ன. அதுல ஒரு விசயம் உனக்குத் தெரியாது. வாபஸ் வாங்கினா, ரெண்டு பேரும் சமாதானமாப் போயிட்டாங்கன்னு ஃபைலை மூடிருவாங்க. புகார் பொய்யுன்னு எங்கயும் பதிவாகாது. நாளைக்கு அந்தம்மாவுக்கு ஒரு பதவி உயர்வுன்னா, 'இவங்க மேல ஒரு மனு இருந்துச்சே'ன்னு ஒருத்தன் கிளப்புவான். எத்தனை பேரை நான் அப்படிப் பாத்திருக்கேன். அதனால சொன்னேன்: 'சார், நான் இந்த விளையாட்டைப் பாக்காம மனு குடுத்தேன். இப்ப ஒன்பதாவது கட்டத்துல நிக்கேன். இதுல படிப்பைக் கெடுக்க ஒண்ணும் இல்ல. ஆனா நான் சொல்லுததை வச்சு எழுதாதீங்க. இந்தாங்க போன். நீங்க ஆடிப் பாத்துட்டு எழுதுங்க. அதுவரைக்கும் வாக்குமூலத்துல கையெழுத்துப் போட மாட்டேன்.'

'இது என்ன விளையாட்டு மைதானமா?'ன்னு கத்தினாரு. நான் எந்திக்கல, சங்கரி. உக்காந்தே இருந்தேன். இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு என் மேல புகார் சொல்லுவேன்னாரு. நம்பர் தாரேன்னேன். கடைசியில சந்தோஷ்குமார்தான் மெல்லப் போனை இழுத்தான். 'டப்'. அதிகாரி 'தள்ளு இப்படி'ன்னு வாங்கினாரு. 'டப்'. அப்பதான் டீச்சர் முத தடவையா வாயைத் திறந்தாங்க. 'சார், அதுக்கு நாலு கைதான். நீங்க அஞ்சாவது குடுக்குறீங்க'ன்னாங்க. கொஞ்ச நேரம் மூணு பேரும் அந்தப் போனுக்குள்ளயே கிடந்தாங்க.

'புகாருக்கு ஆதாரம் இல்லை'ன்னு எழுதினாங்க. படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். டீச்சர் திங்கக்கிழமையில இருந்து வகுப்புக்குப் போகலாம். ஆனா ஸ்கூலுக்குள்ள செல்போன் எந்தக் காரணத்துக்கும் கூடாதுன்னு ஒரு வரி சேத்துட்டாங்க. அதையும் எதுத்துப் பேசினேன். எடுபடல.

வெளிய வராண்டாவில டீச்சர் கிட்ட போயி ரெண்டு வார்த்தை பேசலாம்னு நின்னேன். அவங்களே திரும்பினாங்க. 'எம்மேல இருந்ததை நீக்கிட்டீங்க. சரி. எம்பிள்ளைங்களுக்கு ஒரு மாசப் பாடம் போச்சே, அதை யார் தருவாங்க?'ன்னாங்க. எனக்குப் பதில் வரல. குடையை விரிச்சுட்டுப் போயிட்டாங்க. அவங்க செஞ்சது நியாயந்தான்.

பி.எஸ்சி. விசயம். அதுக்கு எனக்குச் சம்மதம் இல்ல. ஒரு காரியத்துல நான் இறங்கி வந்ததால எல்லாத்துலயும் வருவேன்னு நினைக்காத. ஒரு வருசம் படி, எழுது, வரலன்னா அப்புறம் பேசலாம்.

அப்பா


நாமக்கல்
29.8.2025

அப்பா,

விசாரணை பத்தி நீங்க எழுதினதை ரூம்ல சத்தமா வாசிச்சேன். 'நான் எந்திக்கல'ங்கிற இடத்துல சாருலதா கை தட்டினா. வாபஸ் பத்தி நீங்க சொன்னது எனக்குத் தெரியாது. அதுல நீங்க செஞ்சதுதான் சரி.

நீட் பத்தி நான் சொன்னதும் சரி. 'வரலன்னா அப்புறம் பேசலாம்'னு எழுதியிருக்கீங்க. வந்துட்டா? பிடிக்காத வேலையில நாப்பது வருஷம் உக்காந்திருக்கணுமா? நான் உக்காரணும்னு ஆசைப்பட்டீங்க. எங்க உக்காரணும்னு நான்தான் சொல்லணும்.

டீச்சர் கேட்ட கேள்விக்கு உங்களுக்குப் பதில் வரலன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு வருது. போன அந்த ஒரு மாசத்தை நான் எடுத்துக்கிறேன். ஜூன் வரைக்கும் எனக்கு வேற வேலை இல்ல. சனி ஞாயிறு அந்தப் பிள்ளைங்களுக்கு நான் உக்காந்து சொல்லிக் குடுப்பேன். ஸ்கூலுக்குள்ளதானே போன் கூடாது? வெளிய நடத்திக்கிறேன். போன் உள்ளவங்க போன்ல ஆடட்டும், இல்லாதவங்களுக்குக் காலண்டர் தாள் இருக்கு. டீச்சர் வேண்டாம்னு சொன்னா அவங்க வாசல்லயே நின்னு கேப்பேன்.

மாரிக்கு எல்லாக் கட்டமும் வரைஞ்சு குடுத்துட்டேன். போன டெஸ்ட்ல அவளுக்குக் காய்ச்சல் வரல.

பதினாலாம் தேதி கிளம்புறேன். எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு, ஆனாலும் இத்தோட இருக்கிற ஃபாரத்துல அப்பா, அம்மா யாராவது கையெழுத்துப் போடணும்ங்கிறாங்க. நீங்க போடலன்னா அம்மா போடுவாங்க. கேட்டுட்டேன்.

நான் சம்மதம் கேட்டு இதை எழுதல. தகவல் சொல்ல எழுதுறேன்.

சங்கரி


வடகரை
5.9.2025

சங்கரி,

உன் தகவல் கிடைத்தது.

ஃபாரத்துல கையெழுத்துப் போட்டு இத்தோட வச்சிருக்கேன். உங்கம்மை போடதுக்கு முந்தி நான் போட்டுட்டேன். இதைச் சம்மதம்னு எடுத்துக்காத. பதினெட்டு முடிஞ்ச பிள்ளைய மதில் சுவத்துக்குள்ள பிடிச்சு வைக்க சட்டத்துல இடம் இல்ல, அதான். பி.எஸ்சி. பத்தி நாம இன்னும் பேசி முடிக்கல. வீட்டுக்கு வந்து நேர்ல சண்டை போடு. லெட்டர்ல சண்டை போட்டா பதில் வாரதுக்குள்ள எனக்குக் கோபம் ஆறிப்போகுது.

சீசன் டூட்டி முடிஞ்சுது. நேத்து ஜெஸி டீச்சர் வீட்டுக்குப் போனேன். யூனிஃபார்ம் போடாம, சட்டை வேட்டியோடதான். சனிக்கிழமை வகுப்புன்னா எத்தனை பிள்ளைங்க வருவாங்க, எங்கன வச்சு நடத்தலாம்னு கேக்கணும்னு போனேன். ஜன்னல் வழியாப் பாத்துட்டு, 'விசாரணைதான் முடிஞ்சுதே. இன்னும் எதுக்கு வந்தீங்க?'ன்னாங்க. நான் புகார் குடுத்தவனா வரலன்னேன். 'பின்ன யாரா வந்திருக்கீங்க?'ன்னு கேட்டாங்க.

'சங்கரேஸ்வரியோட அப்பாவா வந்திருக்கேன்'னு சொன்னேன்.

கதவைத் திறந்தாங்க.

அப்பா